காதணித் துளையும் ஆறாத் தழும்பும்

நன்மை கருதி உடம்பிற் செய்யப்படும் புண்கள் உலகிற் சிலவே. அவற்றுள் மிகப் பழையதும், நம் நாட்டில் ஏழையர் குடிலிலும் செல்வர் மாளிகையிலும் ஒருபடித்தாய் நிகழ்வதும் செவி துளைத்தலாகும். காது குத்துதல் என்றும், காதணி விழா என்றும், வடமொழியிற் கர்ணவேதம் என்றும் வழங்கும் இச்சடங்கின் வரலாற்றைச் சருமத்தின் இயல்போடு சேர்த்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏனையோர்க்கு இஃது ஒரு நாள் விழா. ஐந்தொழிலிற் பிறந்த நம்மவர்க்கோ இது குலத்தொழிலின் ஒரு கூறு. ஊசியை அடித்தவன் நம் கொல்லன். பொற்கம்பியை இழுத்துத் துளையிட்டவன் நம் தட்டான். துளைத்த செவியைக் கல்லிலும் செம்பிலும் நிலைபெறச் செய்தவன் நம் தபதி. மயிலைத் திருவீதிகளில் இல்லந்தோறும் பத்தரை அழைத்து, வெற்றிலை பாக்கும் தட்சிணையும் தட்டில் வைத்துக் கொடுத்துக் காது குத்தச் செய்த வழக்கம் முதியோர் நினைவில் இன்றும் உண்டு. 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. ஏரி கிடந்த இடம் நாளடைவில் நகைக்கடை வீதியாயிற்று. இப்பொழுது அவ்வீதிகளிலும் அடையாற்று அழகு நிலையங்களிலும் 'கன் ஷாட்' என்னும் பெயரால், துப்பாக்கி போன்றதொரு கருவி இமைப்பொழுதிற் காதைத் துளைத்து விடுகின்றது. துளையும் மடலின் நுனியோடு நில்லாமல், மேற்காது, மூக்கு, புருவம், கொப்பூழ் என்று பரந்துவிட்டது.

"குழந்தையைப் பத்தரிடம் கொடுப்பதா, கடைக்குக் கொண்டு செல்வதா, டாக்டரிடம் காட்டுவதா?" என்று நம் சங்கத்து அன்பர் பலர் வினவுகின்றனர். இதற்கு விடை குலப்பெருமையிலும் இல்லை. புதுமை மோகத்திலும் இல்லை. புண் ஆறும் முறையிலேதான் உள்ளது. தக்க இடமும், ஆறுதற்குரிய காலமும், தூய்மையும் கொடுத்தாற் சருமம் துளையை ஏற்றுக்கொள்ளும். கொடாவிடின் சீழாலும் தழும்பாலும் விடை கூறும். நம் முன்னோர் இவற்றுள் இடத்தையும் காலத்தையும் நன்கு அறிந்திருந்தனர். தூய்மையைக் குறையவே அறிந்திருந்தனர். இக்காலத்தாரோ தூய்மையைப் பற்றிப் படித்திருந்தும், இடத்தையும் காலத்தையும் மறந்தனர். இதுவே யாம் சொல்லக் கருதியது.

முதற்கண் பண்டை நூலை நோக்குவோம். சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்து 16ஆம் அத்தியாயம் செவி துளைத்தலையும் அறுந்த செவியைப் பொருத்துதலையும் பற்றி விரித்துக் கூறுகின்றது. குழந்தைக்கு 6ஆம் அல்லது 7ஆம் திங்களில், வளர்பிறை நாளில், செவிலியின் மடியிலிருத்தி விளையாட்டுப் பொருள் காட்டி மகிழ்வித்துத் துளையிடவேண்டும் என்றும், ஆணுக்கு வலச்செவியும் பெண்ணுக்கு இடச்செவியும் முன்னாக வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கின்றது. இவை சடங்கின்பாற்பட்டவை. அதற்குமேல் அவர் கூறுவதே வைத்திய நுட்பம். மடலை இடக்கையால் இழுத்து வெயிலிற் பிடித்தால், ஒளி ஊடுருவித் தோன்றும் மெல்லிய இடம் ஒன்று உண்டு; இயற்கையே துளைக்கென அமைத்த அவ்விடத்திற் குத்துக என்கின்றார். குருதி மிக்கொழுகினும் வலி மிகினும் இடம் தவறிற்று என்று அறிக என்கின்றார். குத்தியபின் பஞ்சுத் திரியைச் செலுத்தி எண்ணெய் வார்க்கவும், மூன்று நாளைக்கொருமுறை முன்னதினும் பருத்த திரியை இடவும் சொல்கின்றார். குருதிக் குழாயையும் குருத்தெலும்பையும் விலக்குவதற்கு, ஒளி ஊடுருவும் இடத்தைத் தேர்தலினும் எளிய வழி வேறு உண்டோ?

இனி, துளைத்த இடத்தில் நிகழ்வது யாது என்று பார்ப்போம். ஊசி பாய்ந்தவுடன் குருதி உறைந்து வாயை அடைக்கின்றது. அடுத்த சில நாட்களில் அவ்விடம் சிவந்து வெதும்பி வீங்குகின்றது. இறந்த அணுக்களையும் புகுந்த கிருமிகளையும் அகற்ற உடம்பு செய்யும் போர் இது. பின்னர்ச் சிவந்த இளந்தசை அரும்புகின்றது. அதே வேளையில், முன்புறத் தோலும் பின்புறத் தோலும் தத்தம் ஓரத்தினின்று அணிகலத்தின் மேல் ஊர்ந்து சென்று நடுவிற் கூடுகின்றன. இங்ஙனம் கூடிய பின் அத்துளை புண்ணன்று. உள்ளே தோல் போர்த்த ஒரு சிறு குழாயாம். மடலின் நுனியில் இஃது அமைய 6 முதல் 8 வாரம் வரை ஆகும். முற்றும் உறுதிப்படப் பல திங்கள் ஆகும்.

ஓர் ஐயம் எழலாம். முருகன் திருக்கோயில்களில் அன்பர் கன்னத்திலும் நாவிலும் அலகு குத்திக்கொள்கின்றனர். அவ்வலகு காதூசியினும் பெரிது. மலேயாவிற் பத்துமலைத் தைப்பூசத்திலும் ஆண்டுதோறும் இதனைக் காணலாம். அவர்கள் கன்னத்திலே துளை நிலைப்பதில்லையே, செவியில் மட்டும் நிலைப்பது என்னை? அலகு அன்றே எடுக்கப்படுகின்றது. தோல் ஊர்ந்து செல்லுதற்குப் பற்றுக்கோடு இல்லை. ஆதலின் உள்ளிருந்து தசை கூடித் துளை மூடிக்கொள்கின்றது. செவியிலோ கம்பி தங்குகின்றது. தோல் அதனைச் சுற்றி மூடுகின்றது. எனவே, துளையை ஆக்குவது குத்திய ஊசியன்று. பின் தங்கிய அணியும் கழிந்த காலமுமே.

ஆறும் புண்ணை நிரப்பும் பொருளுக்குக் கொல்லாஜன் என்று பெயர். நம் தோல், நரம்பு, எலும்பு யாவற்றுக்கும் கட்டுக்கோப்பாய் நிற்கும் புரதம் இது. மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு போன்றது இதன் வடிவம் என்பதை வெளிப்படுத்தியவர், சென்னைப் பல்கலைக்கழகத்துக் கிண்டி வளாகத்தில் ஆராய்ச்சி செய்த ஜி. என். ராமச்சந்திரன் ஆவர். 1954இலும் 1955இலும் கோபிநாத் கர்த்தா என்பாரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட முடிபுகள் உலகப் புகழ் பெற்றன. அடையாற்றில் 1948இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இப்புரதத்தையே தன் ஆராய்ச்சிக்குரிய பெரும்பொருளாகக் கொண்டது. பழுதற்ற தோலில் இவ்விழைகள் கூடைமுடைந்தாற்போற் பின்னிக் கிடக்கும். தழும்பிலோ ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நெருங்கிக் கிடக்கும். அதனாலன்றோ ஆறிய இடம் எவ்வளவு முதிர்ந்தாலும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டிற்குமேற் பெறுவதில்லை!

நிற்க. துளையைச் சிறிதளவில் நிறுத்தாமல் விரித்து வளர்த்தமை தமிழ்நாட்டிற் சிறப்பாக விளங்கிய வழக்கம். தோடு என்னும் சொல்லுக்கும் ஓலை என்னும் சொல்லுக்கும் பனையேடு என்ற பொருளும் காதணி என்ற பொருளும் ஒருங்கே உளவாதல் நோக்கத்தக்கது. பொன் வாங்க இயலாதவர் பனையோலையைச் சுருட்டிச் செவியிற் செருகினர். சுருள் விரிய முயலும்; முயலுந்தோறும் துளை மெல்ல அகலும். மயிலைப் பூம்பாவைப் பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் தம் முதற் பதிகத்தை இறைவன் செவித்தோட்டைச் சொல்லியே தொடங்கினார் என்பது சைவ உலகம் அறிந்தது. மாதொருபாகன் திருவுருவங்களில் ஒரு செவியிற் குழையும் மறுசெவியில் தோடும் அமைத்தல் நம் தபதியர் மரபு.

பிற்காலத்திற் பாம்படமும் தண்டட்டியும் தென்பாண்டி நாட்டிலும் மதுரைப் பக்கத்திலும் பெருகின. குழந்தைப் பருவத்திலே துளையிட்டு, பஞ்சு வைத்து, ஓலைச்சுருள் செருகி, ஈய வளையம் மாட்டிப் படிப்படியாக மடலைத் தோள் வரையிலும் நீட்டினர். சென்னை அரசினர் பொருட்காட்சிச் சாலையின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய மக்கள் வழக்கக் குறிப்புகளில் இதனையும் விரித்துரைத்துள்ளார். மெல்லென இடைவிடாது இழுக்கப்படும் தோல் கிழிவதில்லை. புதிய அணுக்களை ஈன்று வளர்கின்றது. 1957இல் நியூமன் என்னும் அமெரிக்க அறுவை வைத்தியர், சிதைந்த ஒரு காதைப் புதுப்பிக்க வேண்டி, தோலின் கீழ் ஒரு சிறு பையை வைத்து நாளுக்கு நாள் ஊதச் செய்து அருகிலிருந்த தோலை வளர்த்துக்கொண்டார். அம்முறை இன்று தீப்புண் பட்டோர்க்குப் பெருந்துணையாக இருக்கின்றது. ஓலைச்சுருளும் அப்பையும் செய்யும் வேலை ஒன்றே.

எனினும், வளர்ந்த தோல் மீளச் சுருங்குவதில்லை. எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையில் நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகளைக் காண்போர் அவற்றின் செவிகளை உற்று நோக்குக. அணி ஒன்றும் இல்லை. தாழ்ந்த மடல் மட்டும் உண்டு. துறவு அணியை நீக்கிற்று. துளையை நீக்க இயலவில்லை.

20ஆம் நூற்றாண்டில் தொங்கு காதின்மேற் சிறுமியர்க்கு வெறுப்புப் பிறந்தது. பள்ளிக்கூடம் சென்றவர் வெட்கினர். மணமகன் வீட்டார் நகைத்தனர். காது வளர்த்த மகளிர் பலர் மருத்துவமனைக்குச் சென்று மடலை அறுத்துத் தைத்துக்கொண்டனர். அவர்களுக்கு வைத்தியர் முதலிற் செய்தது துளையின் உட்புறத் தோலைச் சீவி எடுத்ததேயாகும். தோல் போர்த்த இரண்டு ஓரங்களை எத்துணை இறுக்கிக் கட்டினும் அவை ஒட்டா. குருதி கசியும் பச்சைப் புண்ணோடு பச்சைப் புண்ணைச் சேர்த்தாலே ஒட்டும். சுசுருதரும் இதனையே கூறியிருக்கின்றார். அறுந்த செவியைப் பொருத்துதற்கு 15 வகை சொல்லி, ஓரங்களைக் கீறிப் பதப்படுத்தி, தேனும் நெய்யும் தடவி, பஞ்சும் துணியும் வைத்து, மிக இறுகாமலும் மிக நெகிழாமலும் நூலாற் கட்டுக என்று அவர் விதித்தார். மடலே இல்லாதவர்க்குக் கன்னத்துத் தசையை அடியோடு அறுக்காமற் புரட்டி மடலாக்கும் முறையும் அங்கே உண்டு.

பாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மடலின் நுனியில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை. கொழுப்பும் தோலுமே உள்ளன. ஓலைச்சுருள் பல்லாண்டிற் செய்ததை, கனத்த சிமிக்கி சில ஆண்டிற் செய்யும். ஆனாற் சீராகச் செய்யாது, கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே செல்லும். இதனை அறிந்தே நம் தட்டார் மாட்டல் என்னும் சங்கிலியை வகுத்தனர். தோட்டின் பாரத்தில் ஒரு பங்கை அது கூந்தலின்மேல் ஏற்றிவிடுகின்றது. இன்று மணமேடையில் மாட்டலை அழகுக்கென்று அணிகின்றனர். பாரம் தாங்குமாறு இழுத்துக் கொளுத்துவோர் சிலரே.

இனித் தழும்பைக் குறித்துக் கூறுவோம். ஆழ்ந்த புண் தழும்பாகும். சிலர் உடம்பிலோ தழும்பு அளவறியாது வளரும். புண்ணின் எல்லைக்குள் தடித்து நிற்பது ஒரு வகை; அது நாளடைவிற் தாழ்வதும் உண்டு. எல்லை கடந்து நல்ல தோலின்மேலும் படர்ந்து, அரிப்பும் நோவும் தந்து, காதின் பின்னே நெல்லிக்காய் போலத் திரள்வது மற்றொரு வகை. அதனைக் கெலாய்டு என்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரெஞ்சு வைத்தியராகிய அலிபேர், அது நண்டின் கொடுக்குப்போற் பக்கங்களிற் படர்தலைக் கண்டு, கிரேக்க மொழியில் அப்பொருள்பட அப்பெயரை இட்டார். வெண்ணிற மக்களினும் கருநிற மக்களுக்கு இது மிகுதி, குடும்பவழியாகவும் வரும், 10 முதல் 30 வரையுள்ள வயதிலே பெரும்பாலும் தோன்றும். 2005இல் அமெரிக்கக் குழந்தை வைத்திய இதழ் ஒன்றில் வெளியான ஆராய்ச்சி, 11 வயதிற்குப் பின் காது குத்திக்கொண்டவர்க்கே கெலாய்டு மிகுதியாக உண்டாயிற்று என்று காட்டிற்று. கைக்குழந்தைப் பருவத்தே காது குத்துக என்ற முன்னோர் விதிக்கு இஃது ஒரு நற்சான்றாகும்.

கெலாய்டை வெறுமனே அறுத்தெறிதல் அறியாமை. அறுத்த புண்ணும் ஒரு புண்ணே. அதனினின்று முன்னதினும் பெரியது முளைத்தல் உண்டு. ஆதலின், தோல் வைத்தியர் ஸ்டீராய்டு மருந்தை ஊசியால் அதனுள்ளே செலுத்தியும், காதை அழுத்தும் கவ்விகளையும் சிலிகோன் தகட்டையும் பயன்படுத்தியும், வேண்டுமாயிற் கதிர்வீச்சைச் சேர்த்தும் அடக்குகின்றனர். இத்தகைய தழும்பு உடைய பெண்ணைக் குறையுடையவளாகக் கருதிப் பெண் பார்க்கச் சென்றவர் திரும்பிவிடுதலும் நம்மிடை நிகழ்கின்றது. கெலாய்டு தொற்றுநோயன்று, புற்றுமன்று. ஒருத்தியின் தோல் சற்று மிகையாக ஆறிற்று என்பதைத் தவிர வேறு குற்றம் அதிற் காணோம்.

இத்துணையும் அறிந்தபின், நம் பத்தர் முறையின் குணமும் குற்றமும் நடுவுநிலையிற் பார்த்தல் வேண்டும். தாய்மாமன் மடியிற் குழந்தையை வைத்து, சந்தனப் புள்ளி இட்டு இரு செவியையும் ஒப்பிட்டு, கூர்செய்த பொற்கம்பியாலே குத்தி, அக்கம்பியையே வளைத்து வளையமாக்கி விடுதல் அவர் வழக்கம். கூரிய முனை தோலைப் பிளந்து செல்லும், நசுக்காது. பொன் துருப்பிடியாது, தோலோடு பகைக்காது. மடலின் நுனியன்றி வேறிடத்தை அவர் தொடமாட்டார். இவை குணங்கள்.

குற்றம் தூய்மையிலே உள்ளது. குமுட்டியிற் பழுக்கக் காய்ச்சிய கம்பியிற் கிருமி இல்லைதான். ஆனால் அதன்பின் அதனைத் தொட்ட விரலும், துடைத்த வேட்டியும் தூயனவா? சமையலறை மஞ்சளையும் பழைய எண்ணெயையும் பச்சைப் புண்ணில் அப்பியதால் நன்மையோடு தீமையும் விளைந்தது. மண்ணிலும் சாணத்திலும் உறையும் ரணஜன்னிக் கிருமியின் வித்து, கொதிநீரிலும் சாகாத இயல்பினது. ஒருவர் குருதி பட்ட ஊசி மற்றொருவர்க்கு ஈரல் நோயைக் கொண்டு செல்லும் என்பது 1960களில் ப்ளம்பர்க் என்பார் அந்நோய்க் கிருமியின் தடத்தைக் கண்டபின் தெளிவாயிற்று. 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்நாட்டில் எச்.ஐ.வி. கிருமி இருத்தலை முதன்முதற் கண்டறிந்தனர். அதன்பின், ஓர் ஊசியாற் பலரைக் குத்துதல் எவ்வாற்றானும் பொறுக்கத்தக்கதன்று.

கன் ஷாட் கருவியின் நிலையோ இதற்கு மறுதலை. வெண்கையுறையும் பளபளப்பான பெட்டியும் உண்டு. ஆனால், மழுங்கிய முனையை வில்விசையால் அடித்துப் புகுத்துதலின் தசை நசுங்குகின்றது. அணியின் முன்பக்கமும் திருகும் மடலை இறுக்குவதால் வீக்கத்திற்கு இடமில்லை. பிளாஸ்டிக்கினால் அமைந்த கருவியை 121 பாகை வெப்பமுள்ள நீராவியில் வைத்துத் தூய்மை செய்யவும் இயலாது. மடலின் நுனியில் இவை பொறுக்கப்படினும் மேற்காதிற் பொறுக்கப்படா. அங்குள்ள குருத்தெலும்பிற்குத் தனக்கெனக் குருதிக் குழாய் இல்லை; மேலே போர்த்த மெல்லிய சவ்வினின்றே அது உணவு பெறுகின்றது. அடியினால் அச்சவ்வு பெயர்ந்தாலும், இடையிற் சீழ் கோத்தாலும் குருத்தெலும்பு இறந்துபடும். காது சுருங்கிக் கோணும். ஆறுதற்கும் 6 திங்கள் முதல் ஓர் ஆண்டு வரை வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில், அணிகலக் கடை ஒன்றில் மேற்காது குத்திக்கொண்டவருள் 7 பேர்க்கு நீரில் வாழும் சூடோமோனாஸ் என்னும் கிருமி தொற்றியமை ஆராய்ந்து உறுதி செய்யப்பட்டது. அவருட் சிலர் மருத்துவமனையில் அறுவைக்கும் உள்ளாயினர். சுசுருதர் வெயிலிற் பிடித்துப் பார் என்றதன் பொருள் இப்பொழுது விளங்கும். குருத்தெலும்பு உள்ள இடத்தில் ஒளி அங்ஙனம் ஊடுருவாது.

உலோகத்தையும் நோக்குக. மலிவான போலி நகைகளில் நிக்கல் கலந்திருத்தல் உண்டு. அது வியர்வையிற் கரைந்து தோலிற் பாய்ந்தாற் சிலர்க்குத் தினவும் நீர்க்கசிவும் உண்டாகும். ஒருகால் உண்டான அப்பகை வாழ்நாள் முழுதும் நீங்காது. ஆதலின் முதலில் இடும் அணி பொன்னாகவேனும் டைட்டானியமாகவேனும் இருத்தல் நன்று.

அன்பர்களே! நம் குலத்தார் விட்டுவிடத்தக்கதும் விடத்தகாததும் எவை என்று இனித் துணியலாம். காது குத்தும் உரிமையை இழந்தோம் என்று வருந்துதலாற் பயனில்லை. இத்தொழிலிற் கைபழகிய இளைஞர் மருத்துவரிடம் சென்று தூய்மை முறையைக் கற்றுக்கொள்வாராக. ஒருவர்க்கு ஓர் ஊசி என்பதை நெறியாகக் கொள்வாராக. கையுறையும், நீராவியிற் பதப்படுத்திய கருவியும் இன்றிக் குழந்தையின் செவியைத் தொடாதிருப்பாராக. கற்க இயலாதார் அப்பணியைப் பயின்ற டாக்டரிடம் விடுத்து, பொற்கம்பியைச் செய்து கொடுக்கும் அளவில் நிற்பதே அறம்.

பெற்றோர் செய்யத்தக்கனவும் சில உள. தடுப்பூசி முறையாக இட்டபின்னரே காது குத்துக. தந்தைவழியிலோ தாய்வழியிலோ கெலாய்டு கண்டவர் இருப்பின், சடங்கை ஒத்திவைத்துத் தோல் வைத்தியரைக் கலந்துகொள்க. சடங்கினும் குழந்தை பெரிது. துளை ஆறும்வரை உப்பிட்டுக் காய்ச்சி ஆறிய நீரால் இருவேளை கழுவுக. அணியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கவேண்டா. கனத்த நகையை முதல் ஆண்டில் தூக்கவேண்டா. மகள் மேற்காதில் துளை வேண்டுமென்று கேட்பின் சினந்து தடுத்தலினும், குருத்தெலும்பின் இயல்பை எடுத்துரைத்து, பின்னும் அவள் விரும்பினால் தூய ஊசியால் குத்தும் பயிற்சியுடையாரிடம் அழைத்துச் செல்லுதல் நன்று.

"எனக்கே காது குத்துகிறாயா?" என்று ஏமாற்றுதலுக்கு இச்சொல்லை வழங்குகின்றோம். குழந்தைக்கு இனிப்பைக் காட்டிக் குத்துவதால் வந்த வழக்கு அது போலும். குழந்தையை ஒரு நொடி ஏமாற்றலாம். அதன் சருமத்தை ஒரு நாளும் ஏமாற்றுதல் இயலாது. இடமறிந்து, காலம் பொறுத்து, தூய்மையோடு செய்யும் கைக்கே அது பணியும். அக்கை நம் குலத்தார் கையாகவே நிலைத்திருக்க இறைவன் அருள்புரிவானாக.